வண்டியின் உடம்பும் ஒரு ஒயர்தான்



ஒரு வேனைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவருடைய வேன். 50 வாட் வி.எச்.எஃப். செட் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார். மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. பதில் சொல்ல மைக் பொத்தானை அழுத்தினால் போதும், திரை மங்கி, அணைந்து, மறுபடி உயிர் பெறுகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு இவருடைய பேச்சு ஒரு விக்கல் அளவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. பேட்டரி புதிது. செட்டிலும் கோளாறு இல்லை. வீட்டு மேசையில் வைத்துப் பேசினால் ஒழுங்காகப் பேசுகிறது.

ஒயர் இழுத்துக் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் கையோடு அழைத்து வந்திருந்தார். வேலையில் அக்கறையுள்ள தம்பி அவர்.

"பிளஸ் ஒயரை பேட்டரியிலேருந்து நேரா இழுத்தேன் சார். ஆறு எம்.எம். ஒயர். பியூஸ், ஸ்லீவ் எல்லாம் போட்டிருக்கேன்" என்றார்.

"மைனஸ் எங்க குடுத்தீங்க தம்பி?"

"பாடியிலதான் சார். சீட்டுக்கு அடியில ஒரு போல்ட் இருந்துச்சு."

சீட் ஓடும் தண்டவாளத்தைப் பிடித்திருந்த போல்ட் அது. கழற்றிப் பார்த்தோம். லக் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயிண்ட் கொஞ்சமும் கலையாமல் பளபளவென்று இருந்தது. போல்ட்டின் மரையைத் தொட்டுக்கொண்டு ஏதோ கொஞ்சம் மின்சாரம் போய்வந்திருக்கிறது. செட் கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் போதும், அது போனது. பேசுவதற்கு 10, 12 ஆம்பியர் வேண்டும். அதற்கு அந்த வழி தாங்கவில்லை. பெயிண்டைச் சுரண்டி, லக்கை வேறு இடத்தில் இறுக்கி எழுந்தபோது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வேன் அன்று மாலையே பேசிக்கொண்டு போனது.

நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போகும் சிவப்பு ஒயர் எல்லோர் கண்ணிலும் படுகிறது. போன மின்சாரம் திரும்பி வர வேண்டுமே, அந்த வழியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டியில் அந்தத் திரும்பும் வழி பெரும்பாலும் இரும்புத் தகடு. செட்டுக்கு வரும் மின்சாரமும் அந்தத் தகட்டில் ஓடுகிறது. ஆன்டெனாவின் மறுபாதியும் அதே தகடுதான். இரைச்சல் ஏறி வரும் பாதையும் அதுவே. தகட்டை ஒரு ஒயராக மதித்துப் பழகினால் இந்த வேலையில் முக்கால் பங்கு சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப்போகிறேன்.

இங்கே அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள், வண்டி ஒயரிங் தொழில் செய்பவர்களும் இருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் இந்த செட்டுகளை வைத்திருக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொழில் செய்யும் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள்: வண்டிக்காரரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு பானெட்டைத் திறங்கள்.

கைபேசி இருக்கும்போது வண்டியில் எதற்கு இந்த செட் என்று கேட்பவர்களுக்கு, 2016 டிசம்பர் 12-ஐ நினைவுபடுத்துவேன். வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மரங்கள் விழுந்தன, மின்சாரம் போனது, கைபேசி இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் அப்படித்தான். கோபுரமும் கரண்டும் கைவிட்ட ஊரில் தன் பேட்டரி, தன் எஞ்சின், தன் ஆன்டெனா என்று மூன்றையும் சுமந்துகொண்டு நகரக்கூடிய நிலையம் வண்டி ஒன்றுதான். அன்றைக்கு அது பேச வேண்டுமென்றால், இன்றைக்கு அதன் போல்ட்டுகள் சரியாக இருக்க வேண்டும்.

வண்டிக்குள் வானொலியை ஏற்றும் ஆசைக்கு வயது நூறு கடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலப் போலீஸ் 1923-இல் மெல்போர்னில் ஒரு லான்சியா காரில் கம்பியில்லாத் தந்தி வைத்து ரோந்து போனது. பேச்சு கிடையாது, மோர்ஸ் தட்டல்தான். 1928-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீஸ் கார்களில் ரேடியோ வைத்தது. அது ஒருவழிப் பாதை: நிலையம் பேசும், காரில் இருப்பவர் கேட்பார், பதில் சொல்லத் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். காருக்குள்ளிருந்தே பதில் பேசும் ஏற்பாட்டை 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பயோன் என்ற ஊர்ப் போலீஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தவர்களை வாட்டிய பெரிய எதிரி எது தெரியுமா? தூரமல்ல. தன் எஞ்சினே. ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் அது ஒரு சிறிய வானொலி நிலையமாகிறது. வண்டியின் பானெட், கதவு, ஒயர் எல்லாம் அதற்கு ஆன்டெனா. அன்றைய செட்டுகள் ஒலியை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்பின. பிளக்கின் பொறியும் அலையின் உயரத்தைத்தான் கலைத்தது. ஆகவே பேச்சையும் இரைச்சலையும் பிரிக்க முடியவில்லை. ஒலியை அதிர்வெண்ணில் ஏற்றும் எஃப்.எம். முறையை எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிக் கொடுத்தார். டேனியல் நோபிள் அதை வண்டிக்குக் கொண்டுவந்தார். 1940-இல் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்கு எஃப்.எம். இருவழி அமைப்பை நிறுவியவர் அவர். இன்று நம் வி.எச்.எஃப். செட்டுகள் எஃப்.எம்.மில் பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இனி ஒயருக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

50 வாட் செட் பேசும்போது 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் டிக்கியில். பேட்டரியிலிருந்து 5 மீட்டர். ஒயரிலேயே போய் ஒயரிலேயே திரும்பினால் 10 மீட்டர். கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஒன்றரை எம்.எம். செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். 10 மீட்டருக்கு 0.12 ஓம். 12 ஆம்பியரால் பெருக்கினால் 1.4 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் இருக்கும், 1.4 போனால் சமாளித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசினால்? பேட்டரியில் 12.5 வோல்ட், செட்டுக்குப் போய்ச் சேர்வது 11.1. பெரும்பாலான செட்டுகள் 13.8-க்கு மேலும் கீழும் 15 சதவீதம்வரைதான் பொறுக்கும். கீழ் எல்லை 11.7. அங்கேதான் விக்கல் வருகிறது. இதே தூரத்துக்கு ஆறு எம்.எம். போட்டால் இழப்பு 0.36 வோல்ட் மட்டும். ஆகவே தடித்த ஒயரை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள்.

வீட்டு ஒயரிங்குக்கு வரும் ஒற்றைக் கம்பி ஒயர் வண்டியில் கூடவே கூடாது. அதிர்விலேயே ஒரு நாள் ஒடிந்துவிடும். பல இழை ஒயர்தான் வேண்டும். கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்று விற்கும் தடித்த ஒயர்களில் சில, மேலே செம்பும் உள்ளே அலுமினியமுமாக இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அது செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை காட்டும். பார்வைக்குத் தடிமனாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பிளஸ் ஒயருக்கு பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது செட்டை அல்ல, ஒயரை. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தயங்காமல் கொட்டும். பானெட்டுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டில் ரப்பர் கிராமெட் இல்லாமல் ஒயரை நுழைத்தால், ஓட்டையின் விளிம்பு நாளாக நாளாக அதை அறுக்கும். அறுந்த நாளில் பியூஸ் செட்டின் அருகே இருந்து என்ன பயன்? தீ பிடித்து எரிவது பியூஸுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒயர்தானே. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கையடக்க செட்டுக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள், அதோடு சரி. அந்தத் துளையில் ஸ்பிரிங் தொடுதல்தான் இருக்கிறது. 50 வாட் செட்டுக்கு அது ஆகாது.

லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில் சேர்ந்து 24 வோல்ட். ஒரு பேட்டரியில் மட்டும் தட்டி 12 எடுப்பவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டர் பார்ப்பது மொத்தம் 24-ஐத்தான். செட்டுக்குக் கொடுத்த பேட்டரி எப்போதும் அரை வயிறாகவே கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். இரண்டும் சீக்கிரம் போய்விடும். 24-ஐ 13.8 ஆக்கும் கன்வர்ட்டர் வாங்கிப் போடுங்கள்.

இப்போது மைனஸ். எங்கே கொடுப்பது?

பழைய பாடம், இரண்டு ஒயரையும் பேட்டரிக்கே நேராகக் கொண்டுபோய்க் கட்டு என்பது. செட்டோடு வரும் ஒயரில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் பியூஸ் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸுக்கு எதற்கு பியூஸ்? இதற்கு விடையை நான் ஒரு பழைய ஜீப்பில் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஜீப்பில் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் ஸ்ட்ராப் உப்புக்காற்றில் அரித்து, லக்கின் கழுத்தில் இரண்டு மூன்று இழை மட்டும் மிச்சமிருந்தது. செட்டின் மைனஸ் நேராகப் பேட்டரி முனையில் இருந்தது. ஆன்டெனாவின் அடி, மேற்கூரைத் தகட்டில். ஒரு காலையில் செல்ஃப் அடித்தார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கில் ஆம்பியர். பாடியிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி இல்லை. மின்சாரம் வழி தேடியது: கூரையில் ஏறி, ஆன்டெனா கேபிளின் மேற்பின்னலில் இறங்கி, செட்டின் உடம்புக்குள் புகுந்து, அதன் மெல்லிய கறுப்பு ஒயர் வழியாகப் பேட்டரிக்கு. மைனஸில் இருந்த பியூஸை முன்பே யாரோ எடுத்துவிட்டு நேராக முறுக்கியிருந்தார்கள். கேபிளின் உறை உருகிப் புகை வந்தது. செட்டும் போனது. பேட்டரி முனைக்கே மைனஸ் கொண்டுபோனால் அங்கே பியூஸ் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்றைய கார்களுக்குப் பாடம் மாறிவிட்டது. பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்பில் ஒரு சின்னப் பெட்டியும் அதிலிருந்து மெல்லிய ஒயர்களும் தெரிகிறதா, பாருங்கள். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்கெடுக்கும் சென்சார் அது. சிக்னலில் தானே எஞ்சினை நிறுத்திக் கிளப்பும் கார்களில் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் சென்சாருக்கு முன்னால், பேட்டரி முனையிலேயே லக்கை மாட்டினால், உங்கள் செட் எடுக்கும் மின்சாரம் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று கார் நம்பிக்கொண்டிருக்கும், பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். ஆகவே பேட்டரியின் மைனஸ் கேபிள் பாடியில் எந்த இடத்தில் போல்ட் போட்டிருக்கிறதோ, அங்கேயே அல்லது அதன் பக்கத்தில் உங்கள் மைனஸைக் கொடுங்கள். அங்கே கொடுத்தால் ஜீப்பில் நடந்ததும் நடக்காது. ஸ்ட்ராப் அறுந்தாலும் உங்கள் ஒயர் அதற்கு மாற்று வழி ஆகாது. இந்த இடத்தில் மைனஸ் பியூஸ் தேவையில்லை. போட்ட பியூஸ் எரிந்துவிட்டால் செட்டின் மின்சாரம் ஆன்டெனா கேபிள் வழியாகத் திரும்பத் தொடங்கும், வெளியே தெரியவும் தெரியாது.

எர்த் போல்ட் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்டை வெள்ளி தெரியச் சுரண்டுங்கள். ஈயம் பூசிய லக் போடுங்கள். வெறும் செம்பு இரும்போடு ஒட்டியிருந்தால் ஈரத்தில் அரிப்பு வேகமாகும். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கி முடித்த பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ தடவுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் இந்தக் கடைசி வேலையை விட்டால் இரண்டு மழைக்காலம் தாண்டாது.

நான் இன்று சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்றால், இனி சொல்லும் சோதனையை எடுத்துக்கொண்டு போங்கள். எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மீட்டரை ஓமில் வைத்துத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது சொல்லாது. மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் வரை தடை இருக்கும். நாம் தேடுவது 0.02-ஐ. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழி காட்டும், பீப் என்று கத்தும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் தலையில். சிவப்பு முனை செட்டுக்குள் நுழையும் மைனஸில். ஒருவரை முழு வாட்டில் பேசச் சொல்லுங்கள். மீட்டரில் 0.1, 0.2 வந்தால் நிம்மதி. அரை வோல்ட் வந்தால் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. சிவப்பு முனையை மட்டும் இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அங்கே கை வையுங்கள். பிளஸ் பக்கமும் இதே முறைதான். 12 ஆம்பியர் ஓடும்போது கேட்டால்தான் இணைப்பு உண்மை பேசும்.

அடுத்து ஆன்டெனா. 145 மெகா ஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனா என்றால் ஏறக்குறைய அரை மீட்டர் கம்பி. பலர் அந்தக் கம்பிதான் ஆன்டெனா என்று நினைக்கிறார்கள். அது பாதி. மறுபாதி அதன் காலடியில் விரிந்திருக்கும் கூரைத் தகடு. கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறதோ அவ்வளவு தகட்டிலும் பரவ வேண்டும். கண்ணாடி முன்னால் நிற்பவருக்குப் பிம்பம்போல, கம்பிக்குத் தகடு. அதனால்தான் கூரையின் நடு மையம் சிறந்த இடம். நாலா பக்கமும் தகடு சமமாக விரிகிறது. பின் பம்பரில் வைத்தால், வண்டியின் உடம்பு அதிகம் இருக்கும் முன்பக்கம் அலை கூடுதலாகவும், மற்ற பக்கங்களில் குறைவாகவும் போகும்.

கூரையில் ஓட்டை போட்டு என்.எம்.ஓ. தாங்கி வைப்பதே உறுதியான வழி. முக்கால் அங்குல ஓட்டை. புது காரின் கூரையில் துளைபோட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. காந்தத் தாங்கி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பெயிண்ட் இருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர். அது 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 145 மெகா ஹெர்ட்ஸுக்கு அது வெறும் 11 ஓம் தடை, அலை தாண்டிவிடும். அதே காந்தம் 7 மெகா ஹெர்ட்ஸில் 200 ஓமுக்கு மேல், கதவு சாத்தியாயிற்று. வி.எச்.எஃப்.பில் பேசும் காந்தத் தாங்கி எச்.எஃப்.பில் ஏமாற்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். காந்தத்துக்கு அடியில் மண்ணும் ஈரமும் சேராமல் அடிக்கடி தூக்கித் துடைப்பதும் அவசியம்.

ஆட்டோவில் வைக்கக் கேட்பவர்களுக்கு: கூரை துணி, மறுபாதி அங்கே கிடையாது. ஃபைபர் கூரை வேனுக்கும் இதேதான். தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா வாங்குங்கள், ஒரு மீட்டர் நீளம் வரும்.

எச்.எஃப்.பில் நிலைமை இன்னும் கடுமை. 7 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால் அலை 10 மீட்டருக்கும் மேல். வண்டியில் இரண்டரை மீட்டர் கம்பியும் ஒரு காயிலும் வைத்து ஒப்பேற்றுகிறோம். அவ்வளவு குட்டையான ஆன்டெனாவில் அலையாக மாறிப் போகும் பங்கு ஓரிரு ஓம் தடைக்குச் சமம்தான். அதோடு வரிசையில் வண்டியின் தகடும் இணைப்புகளும் சேர்கின்றன. கதவின் கீலில் கிரீஸ் இருக்கிறது, பானெட் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது, டிக்கி கதவும் அப்படியே. இவை 5 ஓம், 10 ஓம் என்று சேர்ந்தால் உங்கள் 100 வாட்டின் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். அகலமான செம்புப் பின்னல் பட்டைகளால் பானெட்டை, டிக்கியை, கதவுகளை, எஞ்சினை, புகைக்குழாயை பாடியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு பட்டைக்கு 15 நிமிடம். அந்த வேலையைச் செய்தவர்கள் ஆப்பிரிக்காவோடும் ஐரோப்பாவோடும் வண்டியிலிருந்து பேசுகிறார்கள்.

இதே பட்டைகள் இரைச்சலையும் அடக்கும். தனித்தனியாக மிதக்கும் பானெட்டும் புகைக்குழாயும் பிளக்கின் பொறியை வாங்கி ஒலிபரப்புகின்றன. கட்டிவிட்டால் வாய் மூடுகின்றன. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஆன்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழி வருகிறது. நிற்காவிட்டால் கரண்ட் ஒயர் வழி. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஊளை ஆல்டர்னேட்டருடையது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து டக்டக் என்றால் பிளக்கோ இன்ஜெக்டரோ. வேகம் மாறினாலும் மாறாமல் ரீங்காரம் இருந்தால் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகியுங்கள். மின்சார வண்டிகளில் இன்வர்ட்டரும் கன்வர்ட்டரும் சேர்ந்து பாடும். அந்த வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள், நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பாதை அது.

மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றையும் தொடாதீர்கள். பல கார்களில் முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் திரை ஏர்பேக் சுருட்டி வைத்திருக்கிறது; ஆன்டெனா கேபிளை அதன் முன்னால் இழுத்தால், விரிய வேண்டிய நொடியில் அது சிக்கும். செட்டை வெல்க்ரோவில் ஒட்டாமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். அது பேசும்போது 165 வாட் உள்ளே வாங்கி 50-ஐ வெளியே அனுப்புகிறது. மிச்சம் நூறு வாட்டுக்கு மேல் சூடு. வெயிலில் நிறுத்திய கார் ஏற்கெனவே அடுப்பு. சுற்றிக் காற்றோட்டம் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், வண்டியை ஓட்டுவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு முழு வாட்டில் பேசிப் பாருங்கள். விளக்கு, வைப்பர், ஏசி, சென்ட்ரல் லாக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கோ ஏர்பேக் விளக்கோ ஒரு கணம் எரிந்தாலும் அந்த வண்டி சாலைக்குப் போகக் கூடாது. கேபிள் பாதையை மாற்றி, ஃபெரைட் வளையம் போட்டு, மறுபடி பாருங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு எர்த் போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் பேச்சோடு வோல்ட் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

வெளியே மரத்தடியில் அந்த வேன் நிற்கிறது. நண்பர் அன்போடு கொண்டுவந்திருக்கிறார். பழைய சீட் போல்ட்டில் ஒரு லக்கையும் புதிய இடத்தில் ஒரு லக்கையும் மாட்டி வைத்திருக்கிறேன். மீட்டர் இங்கே இருக்கிறது. இரண்டு பேர் முன்னால் வாருங்கள்: ஒருவர் மைக்கைப் பிடிக்க, ஒருவர் மீட்டரைப் படிக்க. முதலில் சீட் போல்ட்.